நம்ம கம்பாசிட்டர்!

போன மாசம் அப்பாவை மாமல்லபுரம் கூட்டிப் போயிருந்தேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ். இறங்குவதற்குள் பதினோரு போர்டில் எழுத்துப் பிழை கண்டுபிடித்துவிட்டார். இருபத்தைந்து வருஷம் அச்சாபீசில் கம்பாசிட்டராக இருந்த மனுஷர். பல்லவர் காலத்துச் சிற்பங்களைவிட, 'குளிர்பாணம்' என்று எழுதியிருந்த பலகையைத்தான் அதிக நேரம் நின்று பார்த்தார்.

இளநீர்க் கடைக்காரரின் செல்போனில் ஏ.எம்.ராஜாவும் சுசீலாவும் பாடிக்கொண்டிருந்தார்கள். 'பார்த்திபன் கனவு' (1960) டூயட்.

"யார் எழுதினது, தெரியுமாடா?"

"கண்ணதாசன்." பழைய பாட்டென்றால் கண்ணதாசன் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். பத்துக்கு ஆறு தடவை பாஸாகிவிடும்.

"விந்தன்டா. நம்ம கம்பாசிட்டர்!"

ஏதோ பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவரைப் போலச் சொன்னார். விந்தன் இறந்தது 1975-ல். அப்போது அப்பா ஈய எழுத்தைத் தொட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். ஆனாலும் 'நம்ம'!

கோவிந்தன் என்பது சொந்தப் பேர். 1916-ல் நம்ம செங்கல்பட்டு ஜில்லா நாவலூரில் பிறந்தவர். 'ஆனந்த விகட'னிலும் பிறகு 'கல்கி'யிலும் அச்சுக் கோத்தார். கம்பாசிட்டர் வேலை எப்படி என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எதிரே அறை அறையாய்ப் பிரித்த மரப்பெட்டி. இடது கையில் ஸ்டிக். எழுத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி தலைகீழாக அடுக்க வேண்டும். அச்சானதும் அத்தனையையும் பிரித்துத் திரும்ப அந்தந்த அறையில் போட வேண்டும். ஊரார் எழுதினதைக் கோத்துக் கோத்தே விரல் கறுத்துப் போகும்.

அப்படிக் கோத்துக்கொண்டிருந்தவர் தானும் கதை எழுதிக் கொடுக்க, ஆசிரியர் கல்கி படித்துப் பார்த்து 'விந்தன்' என்று பேர் வைத்து, உதவி ஆசிரியர் நாற்காலியும் போட்டுவிட்டார். 'முல்லைக் கொடியாள்' சிறுகதைத் தொகுதிக்கு 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகப் பரிசு. 'பாலும் பாவையும்' கல்கியில் தொடராக வந்தது. கதாநாயகி பேர் அகல்யா. ஏமாற்றிவிட்டு ஓடுகிறவன் பேர் இந்திரன். குறும்பைப் பாருங்கள்! ஆனால் சிரிக்கவிட்டு அடுத்த பக்கத்திலேயே தொண்டையை அடைக்க வைப்பார். கூலிக்காரர்களும் வேலை போனவர்களும்தான் அவர் கதைகளில் பெரிய மனுஷர்கள்.

அப்புறம் அந்த நாற்காலியையும் விட்டுவிட்டு சினிமாவுக்குப் போனார். நான் பி.காம். படித்தவன், அந்த இடம் வரும்போதெல்லாம் மனசு கணக்குப் போடும். 1954-ல் அவர் கதை வசனம் எழுதிய 'கூண்டுக்கிளி' வந்தது. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம். அதுவே ஓடவில்லை என்றால் ஜாதகத்தை என்ன சொல்ல? அதே வருஷம் சொந்தமாக 'மனிதன்' பத்திரிகை நடத்தினார். அதுவும் நீடிக்கவில்லை. எல்லாம் பற்றுப் பக்கம்! மனுஷர் அசரவில்லை. ராஜாஜி 'பஜகோவிந்தம்' எழுத, இவர் 'பசிகோவிந்தம்' எழுதினார். கடைசிக் காலத்தில் 'தினமணி கதி'ருக்காக எம்.ஆர்.ராதாவைப் பேச வைத்து அவருடைய சிறை நினைவுகளை எழுதினார்.

கல்கியின் விக்கிரமன் ரத்தின வியாபாரி வேஷத்தில் கப்பலிலிருந்து வந்து இறங்குவது இதே மாமல்லபுரத்தில்தான். கல்கி போய் ஆறு வருஷம் கழித்து அந்தக் கதை படமானபோது வசனமும் பாட்டும் எழுத வந்தவர், அவர் பத்திரிகையில் அச்சுக் கோத்த விந்தன். "அந்தத் தொடரையேகூட அவர் கையால கோத்திருப்பார், யார் கண்டது?" என்றார் அப்பா. இளநீர் காலியாகி வெகு நேரமாகியும் ஸ்ட்ராவை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் பரண்மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அப்பா எழுதிய மூன்று கதைகள். ஆபீஸ் ஆஃப்செட்டுக்கு மாறி, ஈயத்தை எடைக்குப் போட்ட வருஷம் எழுதியவை. எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டால், "விந்தன் எழுதிட்டாரேடா, அப்புறம் நான் எதுக்கு?" என்பார். கூட்டிக் கழித்துப் பார்த்தும் எனக்கு டேலி ஆகாத பதில்.

இந்தக் கட்டுரையை அனுப்புமுன் அவரிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தார். நாலு இடத்தில் ஒற்று போட்டிருந்தார். அந்த நோட்டைப் பற்றிய பாராவை முழுசாக அடித்திருந்தார்.

அடித்ததை அப்படியே விட்டுவிடு என்பதற்கு வரிக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும் என்று சின்ன வயசில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். வைத்து அனுப்பியிருக்கிறேன்.