எஸ்டீமுக்குப் புது மூச்சுக்குழல்

தறிச் சத்தம் நின்றால் சாமளாபுரத்துக்காரர்களுக்குக் காது அடைத்த மாதிரி இருக்கும். 2022 ஜனவரியில் அப்படித்தான் இருந்தது. கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் வாரக்கணக்கில் ஓடவில்லை. அந்த வீட்டுத் தறிக்குடோனிலும் பாவு ஏற்றிய தறிகள் அப்படியே நின்றன. வருஷம் முழுக்க ஷிஃப்டுக்குப் பின்னால் ஓடிய அப்பாவுக்குப் பகலில் சும்மா உட்கார நேரம் கிடைத்தது. வேப்பமரத்தடியில் நிற்கும் எஸ்டீமின் பானெட் மூன்று நாளாகத் திறந்தே கிடப்பதை அப்போதுதான் கவனித்தார்.

"ஏங் கண்ணு, வண்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்ப்பா. கொஞ்சம் பவர் ஏத்தறேன்."

"இருக்கற பவர் பத்தலையா?"

மகன் சிரித்தான். மெக்கானிக்கல் படித்துவிட்டு திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மெஷின் பராமரிப்பு வேலை பார்ப்பவன். வயது இருபத்துநான்கு. அந்த வயதில் யாருக்குத்தான் இருக்கிற பவர் பத்தும்?

கார் 2003 மாடல். தறி நன்றாக ஓடிய காலத்தில் அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், மகளைக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப்போனதும், நூல் வாங்க சோமனூருக்கு அலைந்ததும் அதில்தான். 1,298 சி.சி. எஞ்சின், புதிதாக இருந்தபோது 85 குதிரைத்திறன். பத்தொன்பது வருஷத்தில் அதில் எத்தனை குதிரைகள் மிச்சம் என்பது தெரியாது. மகனுக்குத் தெரிந்ததெல்லாம், இந்த எஞ்சின் இன்னும் நன்றாக மூச்சுவிட முடியும் என்பதுதான்.

இந்தப் பித்து அவனுக்கு மட்டும் வந்ததல்ல. கோவைப் பக்கத்தில் இது மண்ணிலேயே ஊறியது. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர். பெரிய பணக்காரர்கள் மட்டுமே நினைத்துப் பார்த்த பந்தயம் அதனால் நடுத்தரக் குடும்பத்துப் பையன்களுக்கும் எட்டியது. 1995ல் அவர் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் உள்ளதுதான். 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர். கல்லூரி நாள்களில் ஞாயிற்றுக்கிழமையானால் மகன் பைக் எடுத்துக்கொண்டு செட்டிபாளையம் போய்விடுவான். சாமளாபுரத்துக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சத்தம் அவன் காதைவிட்டுப் போகவில்லை.

அவன் மாற்ற நினைத்தது இன்டேக் மேனிஃபோல்டு. ஏர் ஃபில்டர் வழியாக வரும் காற்றை நான்கு சிலிண்டருக்கும் பிரித்துக்கொடுக்கும் குழாய்க் கூட்டம் அது. ஒரு தலை, நான்கு கை. பார்க்க சாதாரணமாக இருந்தாலும் அதன் வேலை லேசானதல்ல. 6,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது இந்த எஞ்சின் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 3,900 லிட்டர் காற்றை இழுக்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் வால்வு நொடிக்கு 50 முறை திறந்து மூடும். ஓடிவந்த காற்று மூடிய வால்வில் மோதும். மோதிய அதிர்வு குழாயில் பின்னோக்கிப் போய், எதிர்முனையில் பட்டுத் திரும்பி வரும். திரும்பி வரும் நேரத்தில் வால்வு சரியாகத் திறந்திருந்தால் கூடுதலாக ஒரு வாய்க் காற்று உள்ளே போகும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் போகாது.

குழாயின் நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நீளமான குழாய் குறைந்த வேகத்தில் நன்றாக இழுக்கும். குட்டையான குழாய்க்கு எஞ்சின் வெறிபிடித்துச் சுற்றும்போதுதான் நேரம் ஒத்துவரும். அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி 1960ல் '300எஃப்' என்ற காரில் 30 அங்குல நீளக் குழாய்களை வைத்தது. 375 குதிரைத்திறன். வேகப்பிரியர்களுக்கென்று அந்த நீளத்தைப் பாதியாக்கி, வேறு சில மாற்றங்களும் செய்து, 400 குதிரைத்திறனில் இன்னோர் எஞ்சினும் கொடுத்தது. உச்சியில் 25 குதிரை கூடியது. ஆனால் இழுவிசை குறைந்துபோனது. மேலே கூட்டினால் கீழே குறையும். இந்தக் கணக்கைச் சமாளிக்கத்தான் பிற்காலத்தில் நீளத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் மேனிஃபோல்டுகள் வந்தன. டர்போ வைத்த இன்றைய கார்களில் காற்றைத் தள்ளிவிட தனி விசிறியே இருக்கிறது.

மகனுக்கு இதெல்லாம் படித்துத் தெரியும். ஆனாலும் அவனுக்கு உச்சிதான் வேண்டும். கோவையில் ஒரு லேத் பட்டறையில் அலுமினியத் தகட்டில் அடிப்பலகை வெட்டி, குட்டைக் குழாய் நான்கை ஆர்கான் வெல்டிங் வைத்து, பழையதைவிடப் பெரிய காற்றறை ஒன்றையும் சேர்த்தான். ஊசி போட்டதுபோல் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு இடம்விட வேண்டும், சென்சாருக்குத் துளை வேண்டும், எஞ்சின் வாயோடு குழாய் வாய் முடி அளவுகூட விலகாமல் பொருந்த வேண்டும். கேஸ்கட்டை அட்டையில் வரைந்து வைத்து, அரம் போட்டே இரண்டு ஞாயிறு போயின. கைவேலை நன்றாகத்தான் வந்திருந்தது. அதில் குறை சொல்ல முடியாது.

மாட்டி ஸ்டார்ட் செய்ததும் வேப்பமரத்துக் காக்காய்கள் பறந்தன. பழைய எஸ்டீமின் பதவிசான முனகல் போய், காற்றை இழுக்கும் உறுமல் வந்தது. விடியற்காலை ஆளில்லாத சாலையில் 5,000 ஆர்.பி.எம். தாண்டும்போது முதுகு சீட்டோடு ஒட்டியது என்று நண்பர்களிடம் சொன்னான். டைனோவில் ஏற்றி அளந்து பார்க்கவில்லை. சத்தம் கூடினாலே பவர் கூடிவிட்டது என்று நம்புவது இந்தத் தொழிலில் பழைய வியாதி. கிளம்பும்போது வண்டி சோம்பியதையும், மேட்டில் இரண்டாவது கியரில் திணறியதையும் அவன் கவனிக்காமல் இல்லை. கவனிக்காத மாதிரி இருந்துகொண்டான்.

அடுத்த ஞாயிறு பல்லடத்தில் ஒரு சீர். மகனுக்கு கம்பெனியில் அவசர வேலை வந்துவிட்டது. அப்பாதான் ஓட்டினார். பக்கத்தில் அம்மா, பின்சீட்டில் தட்டோடு ஆத்தா.

காரணம்பேட்டையை நெருங்கும்போது, திருச்சி ரோட்டில் ஏறுவதற்கு முன்னால், அப்பா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் அடங்கவில்லை. யாரோ மிதிப்பதுபோல் தானாக ஏறியது. பிரேக்கை மிதித்தார். பெடல் கல்லாக இருந்தது. எதிரே மெயின் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு காலையும் பெடலில் வைத்து எழுந்து நிற்பதுபோல் அழுத்தினார், கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், அடுத்த நொடி சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். தறி மிரண்டால் முதலில் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று நாற்பது வருஷம் பழகிய கை. முன்சக்கரம் தார் ரோட்டின் விளிம்பைத் தொட்டு கார் நின்றது. பின்சீட்டில் பழத்தட்டு கவிழ்ந்திருந்தது. ஆத்தா மட்டும், "ஏஞ்சாமி, இத்தனை வெடுக்குனா நிறுத்தறது?" என்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததும் நல்லதுதான்.

என்ன ஆனது என்பது பிறகுதான் தெரிந்தது. பெட்ரோல் கார்களில் பிரேக்குக்கு உதவி செய்வது இதே மேனிஃபோல்டுதான் என்பது ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. காலை எடுத்ததும் காற்று வரும் கதவு மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் உண்டாகிறது. அங்கிருந்து ஒரு தடித்த ரப்பர் ஹோஸ், பெடலுக்கு முன்னால் இருக்கும் பூஸ்டர் டப்பாவுக்குப் போகிறது. அந்த வெற்றிடம்தான் நம் காலோடு சேர்ந்து பிரேக்கை அழுத்துகிறது. அந்த ஹோஸ் கழன்றால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும்: திறந்த வாய் வழியே காற்று புகுந்து எஞ்சின் ஏறும், பெடல் இறுகும். பிரேக் இல்லாமல் போய்விடாது, உதவிதான் போயிருக்கும். முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டே இருந்தால் வண்டி நிற்கும். அப்பா அன்றைக்குச் செய்தது அதைத்தான்.

மகன் அந்த ஹோஸை மறக்கவில்லை. புது மேனிஃபோல்டில் அதற்கும் ஒரு குழாய் வெல்டிங் வைத்து, ஹோஸை மாட்டி, கிளிப் போட்டு முறுக்கியிருந்தான். குழாய் மட்டும் வழவழவென்று இருந்தது.

இரண்டு நாள் அப்பா அவனோடு பேசவில்லை. அம்மா பேசினாள், அதிகமாகவே. அந்த இரண்டு நாளும் அவன் வேலைக்குப் போகவில்லை. லாரிச் சத்தம் கேட்டாலே தெருவைப் பார்த்தான். மூன்றாம் நாள் காலை அப்பா தானே பானெட்டைத் திறந்தார்.

"எந்தக் குழாய் கழண்டுச்சு, காட்டு."

காட்டினான். அப்பா அதன் நுனியைக் கட்டைவிரலால் தடவினார்.

"வரம்பு எங்க?"

"என்னங்ப்பா?"

"சித்தப்பன் ஏர்ஜெட் தறியில காத்துக் குழாய் எல்லாம் பாத்திருக்கியல்லோ? ஒவ்வொரு மூக்குலயும் ஒரு வரம்பு இருக்கும். ஹோஸ் அதத் தாண்டி உக்காரணும். வழுவழுன்னு இருந்தா எத்தனை கிளிப் போட்டாலும் சூட்டுல நழுவீரும். எட்டாங்கிளாஸ் படிச்ச எனக்கே இது தெரியுது."

ஏர்ஜெட் தறியில் நாடா கிடையாது. ஊடை நூலைக் காற்றுதான் வீசுகிறது. எங்காவது ஒரு மூக்கு ஒழுகினாலும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் பில் எகிறும். அந்தச் சீறலைக் காதிலேயே கண்டுபிடிக்கிற ஆள்கள் இந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நாலு வருஷப் படிப்பில் அலைநீளக் கணக்கெல்லாம் போட்ட பையன், அவர்களில் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அன்றைக்கு இருவருமாகப் பழைய மேனிஃபோல்டை எடுத்து மாட்டினார்கள். மாட்டுவதற்கு முன் மகன் அதன் உள்ளே படிந்திருந்த கரியைச் சுரண்டிக் கழுவினான். கேஸ்கட் உள்பக்கம் துருத்திக்கொண்டு காற்றை மறித்திருந்தது; அதை அளவாக வெட்டிப் புதிது போட்டான். வெடிப்பு விட்டிருந்த சின்ன வாக்யூம் டியூப்கள் நாலைந்து, புது ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி சுத்தம். செலவு புது மேனிஃபோல்டுக்கு ஆனதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேட்டில் மூன்றாவது கியரிலேயே வண்டி ஏறியது. வாங்கின புதுசில் இப்படித்தான் ஏறும் என்றார் அப்பா. தேடிப்போன குதிரைகளில் பாதி வீட்டுக் கொட்டிலிலேயே படுத்துக் கிடந்திருக்கின்றன.

சட்டம் தனிக்கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று போட்டிருக்கிறார்கள். பானெட்டுக்குள்ளே யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்பதுதான் எல்லோருடைய தைரியமும். காரணம்பேட்டையில் அந்த லாரி கொஞ்சம் முன்னால் வந்திருந்தால், இன்ஷூரன்ஸ்காரர் எட்டிப் பார்த்திருப்பார்.

புது மேனிஃபோல்டை மகன் விற்கவில்லை. மூக்கில் வரம்பு வைத்து, பிளாஸ்டிக் கவர் சுற்றி, தறிக்குடோன் பரணில் ஏற்றிவிட்டான். என்றைக்காவது ரோட்டுக்கு வராத, டிராக்கில் மட்டும் ஓடுகிற ஒரு பழைய எஸ்டீம் கிடைத்தால் அதில் மாட்டலாம் என்று ஆசை. அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. கூலிப் பிரச்சினை தீர்ந்து தறிகள் ஓட ஆரம்பித்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அந்தச் செட்டிபாளையம் எத்தனை தூரம்?" என்று கேட்டார். இருவரும் போய்வந்தார்கள். வெயிலில் நின்று நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, "என்ர குடோன் சத்தத்துக்கு இது பரவால்ல" என்றார்.

அம்மா மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. எங்கே கிளம்பினாலும் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வெளியிலேயே நிற்கிறாள்.

"குழாயப் பாத்தியா?"

மகன் பானெட்டைத் தூக்கி, ஹோஸை ஒரு முறை இழுத்துக் காட்டுகிறான். அதற்கப்புறம்தான் அவள் ஏறுகிறாள்.