நேப்பிள்ஸ் நகரில் ஒரு நண்பகல்

வெசூவியஸ் எரிமலையை ஒருபுறமும் நீலக் கடலை மறுபுறமும் கொண்டு விளங்குவது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். அங்கே சென்றிறங்கிய எனக்கு அவ்வழகிலே மனம் செல்லவில்லை. மரக்கறி உணவையே உண்பவன் இவ்வூரில் எதை நம்பி உண்பது என்ற கவலையே மேலோங்கி நின்றது.

ஸ்பக்கநாப்போலி என்னும் நெடுந்தெருவை ஒட்டிய ஒடுங்கிய சந்தொன்றிலே தங்கியிருந்தேன். என் கவலையைக் கேட்ட வீட்டுக்கார அம்மையார், "அடுப்படியில் நின்று பாருங்கள், பார்த்தபின் உண்ணுங்கள்" என்றார். ஆங்கிலம் கற்ற அவர் மகள் அதனை எனக்கு மொழிபெயர்த்தாள்.

நால்வருக்கான உணவு அது. பெரிய பானையிலே உப்பிட்ட நீர் கொதித்தது. நீண்டு சிவந்த சான் மர்சானோ இனத் தக்காளிப் பழங்கள் 800 கிராம் அளவில் எடுத்து, அரை நிமிடம் அந்நீரில் அமிழ்த்தித் தோலுரித்துக் கையாற் பிசைந்தார். தாச்சியில் நான்கு மேசைக்கரண்டி ஒலிவ எண்ணெயை இளஞ்சூடாக்கி, நசுக்கிய உள்ளிப் பற்கள் இரண்டினை இட்டார். அவை கருகினால் குழம்பு கசக்குமாம். மணம் எழுந்தவுடனே தக்காளியையும் உப்பையும் சேர்த்தார். அதன் பின்னரே 400 கிராம் ஸ்பகெற்றி கொதிநீருட் சென்றது.

பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் தாச்சியின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மிதந்தது. "இதற்குமேல் வேகவிட்டால் பழத்தின் புதுமணம் போய்விடும்" என்று சொல்லி, பசில் இலைகளைக் கிள்ளிப் போட்டார். முகர்ந்து பார்த்தேன், நம் நாட்டுத் திருநீற்றுப்பச்சையின் இனமன்றோ அது! சற்றே விறைப்பாக வெந்த ஸ்பகெற்றியைக் குழம்பிலிட்டு, அது வெந்த நீரில் ஓரகப்பையும் ஊற்றிக் கிளறினார். அந்நீரிலுள்ள மாப்பசையே எண்ணெயையும் பழச்சாற்றையும் ஒன்றாகப் பிணைக்கிறது.

இத்தகைய எளிய உணவு தொன்றுதொட்டே அங்கு இருந்திருக்கும் என்று நாம் எண்ணலாம். உண்மை வேறு. தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16 ஆம் நூற்றாண்டிலே ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. நச்சுக்கனியோ என்று நெடுங்காலம் பலர் அதனை ஐயுற்றனர். 1692 இல் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி வெளியிட்ட சமையல் நூலிலே தக்காளிக் குழம்பு இடம்பெற்றது. அதுவும் 'ஸ்பானிய முறை' என்ற பெயருடன். அது பாஸ்தாவுடன் சேர மேலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. கடல் கடந்து வந்த மிளகாய் நமதானது போலவே, தக்காளியும் நேப்பிள்ஸ் மக்களுக்குத் தமதாயிற்று.

உணவு மேசைக்கு வந்தது. மகள் பார்மிசான் பாற்கட்டியைத் துருவ எடுத்தாள். அம்மையார் அவள் கையைப் பிடித்துத் தடுத்து, என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். பாலை உறைய வைப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள் என்பதே அதன் கருத்து. அவர் சொல்லாதிருந்தால் அறியாமலே உண்டிருப்பேன்.

பாற்கட்டி அடுக்களைக்குத் திரும்பியது. அன்று அம்மேசையில் இருந்த நால்வரில் எவரும் அதனைத் தொடவில்லை.

இன்று என் வீட்டிலும் அக்குழம்பு அடிக்கடி கொதிக்கிறது. நமது பழங்களில் நீர் மிகுதி. ஆகவே ஐந்து நிமிடம் கூடுதலாக வற்றவிடுதல் வேண்டும். திருநீற்றுப்பச்சையைக் கிள்ளிப் போடும்போதெல்லாம், மகளின் கையைப் பிடித்த அந்த அன்னையின் கையே என் நினைவுக்கு வருகின்றது.