பட்டு ஊருக்குப் போன பழம்புடவை

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் புதுப்புடவை எடுக்கத்தான் போவார்கள். நான் ஒரு பழைய புடவையைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். என் மாமியாரின் முகூர்த்தப் புடவை அது. ஒன்பது கஜம், அரக்கு உடல், பச்சைக் கரை. பீரோவில் இருந்தபடியே மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது.

பழைய பட்டு வாங்கும் வியாபாரி ஒருவர் அதை எடை போட்டுப் பார்த்து, ஜரிகைக்கு மட்டும் விலை சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. புடவையை எரித்தால் பட்டு சாம்பலாகிவிடும், வெள்ளி மிஞ்சும். அவருடைய கணக்கு அந்த வெள்ளிதான்.

வீட்டில் இரண்டு கட்சி. விற்றுவிட்டு, பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கலாம் என்றார் கணவர். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. புடவையைத் தடவிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். அதை எரிக்க விடக்கூடாது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

ஏகாம்பரநாதர் கோயிலும் காமாட்சியம்மன் கோயிலும் இருக்கும் பகுதி பெரிய காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் சின்ன காஞ்சிபுரம். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் காந்தி ரோடு கடைகளோடு திரும்பிவிடுவார்கள். புடவை பிறக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால், கைலாசநாதர் கோயில் இருக்கும் பிள்ளையார்பாளையம் பக்கம் போக வேண்டும். ராஜசிம்ம பல்லவன் கட்டிய அந்தக் கோயிலுக்கு வயது ஏறக்குறைய 1,300. சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச்சத்தம் கேட்கும்.

தெரிந்தவர் மூலம் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பெரியம்மா புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

“ரொம்ப வருஷமா மடிப்பு மாத்தலையா?” என்றார். ஜரிகை கெட்டி, பட்டு மென்மை. ஒரே மடிப்பில் வருடக்கணக்காக வைத்தால் மடிந்த இடத்தில் பட்டு இற்றுவிடுமாம். பிறகு கரையும் உடலும் சேரும் இடத்தைக் காட்டினார். “இங்க பாருங்கம்மா. நடுவுல கிழிஞ்சிருக்கு. சேர்த்த இடம் அப்படியே இருக்கு.”

அதற்குப் பெயர் கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம் என்பதால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவர் ஒருவர், கூட உட்கார்ந்து கரைக்கு நாடா போட இன்னொருவர். ஒவ்வொரு இழையிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். முந்தானைக்கும் வேறு நிறம் வேண்டுமென்றால், உடல் பாவின் ஒவ்வொரு இழையோடும் புது நிற இழையைக் கையால் முறுக்கிச் சேர்ப்பார்கள். இதைப் பெட்னி என்கிறார்கள். இப்படி ஆயிரக்கணக்கான இழைகள். துணி கிழிந்தாலும் சேர்ப்பு விடாது என்பது இந்த ஊரின் பெருமை.

தறியில் உட்காரும் பலகைமேல், பழைய நூல் புடவைகளை அடுக்கித் தைத்த ஒரு விரிப்பு கிடந்தது. பெரியம்மா தைத்ததுதான். எனக்குத் தையல் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மொத்தம் மூன்று முறை போய்வந்தேன்.

அவர் சொன்ன வரிசை இதுதான். முதலில் ஒரு ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும், சாயம் போகிறதா என்று. பிறகு ஜரிகைக் கரையைத் தனியாக வெட்டி எடுத்துவிட வேண்டும். அது உறுத்தும், ஊசியும் இறங்காது. உடலில் இற்ற பகுதிகளை ஒதுக்கி, நல்ல பகுதிகளை மட்டும் சாண் அளவு துண்டுகளாக வெட்ட வேண்டும். பட்டு ஓரம் பிரியும் என்பதால் சுற்றிலும் அரை விரல் மடித்துத்தான் தைக்க வேண்டும்.

அடியில் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல் புடவை இரண்டு அடுக்கு. குழந்தையின் உடம்பில் படுவது அந்தப் பக்கம். மேலே பட்டுத் துண்டுகள். எல்லாவற்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நீளமாகப் பெருந்தையல் போட்டு நிறுத்திக்கொண்ட பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். மூன்று அடுக்கையும் பிடிக்கும்படி சின்னச் சின்ன ஓட்டுத் தையல். நூலை இழுத்தால் துணி சுருங்கும், தளர்த்தினால் குழந்தையின் விரல் மாட்டும். “நூலு துணிமேல படுத்திருக்கணும், அவ்வளவுதான்” என்பார் பெரியம்மா. பஞ்சு எதுவும் வைக்கவில்லை. நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை.

பழந்துணியை அடுக்கித் தைப்பது பல ஊர்களின் பாட்டிகளுக்குத் தெரிந்த வேலைதான். வங்காளத்துக் காந்தாவில் பழைய புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூல் உருவித் தைத்தார்கள். அந்தப் பெயரும் நம் ‘கந்தை’யும் உறவு. கர்நாடகத்தில் ஹலியாள், எல்லாபூர் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள், போர்வையின் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் பூப்போல மடித்த துண்டு வைக்காவிட்டால் அவர்களுக்குப் போர்வை நிறைவாகாது. நம்மிடமும் ஒட்டுத் தையல் உண்டு. தேரில் தொங்கும் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் வண்ணத் துண்டுகளை வெட்டி, ஒட்டித் தைத்தவைதானே!

நான் சித்திப் பெண்களைப் போல ஓரத்திலிருந்தே தைத்தேன். மூன்றடிக்கு நான்கடிப் போர்வை. தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, முடிக்க ஏழு வாரம் ஆனது. மாமியார் தானாகவே வந்து பக்கத்தில் உட்காருவார். எந்தத் துண்டு முந்தானைப் பக்கம், எது கொசுவத்தில் இருந்தது என்று சொல்வார். கல்யாணத்தன்று பந்தியில் பாயசம் சிந்திய கறை இருந்த துண்டை மட்டும் வெட்டிப் போட விடவில்லை. அதை நடுவில் வைத்தேன்.

வெட்டி எடுத்த ஜரிகைக் கரையை அந்த வியாபாரியிடமே கொடுத்தோம். கிண்ணம் வாங்கும் அளவுக்கு வரவில்லை. ஒரு வெள்ளிப் பாலாடை வாங்க முடிந்தது. கணவர் கட்சிக்கும் தோல்வி இல்லை.

அடுத்த முறை பட்டு எடுக்கக் காஞ்சிக்குப் போகும்போது, பீரோவின் அடியில் இருக்கும் பழையதையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் மடிப்பை மாற்றி வையுங்கள். கிழிந்திருந்தால், எடை போடக் கொடுக்கும் முன் அதைக் கட்டியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.