புரண்டு படுக்கும் வரம்

உறக்கத்தில் நாம் எத்தனை முறை புரண்டு படுக்கிறோம் என்று எண்ணுவதில்லை. ஒரு பக்கம் அழுந்தி மரத்துப்போகத் தொடங்கும்போதே உடல் தானாக மறுபக்கம் திரும்பிவிடுகிறது. கேளாமலே கிடைத்த இந்த வரத்தின் அருமையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்போரைக் காணும்போதே உணர்கிறோம்.

மயக்க மருந்தின் பிடியில், செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கு வலி தெரியாமல் போகலாம். தெரிந்தாலும் புரள இயலாது. இடுப்பின் அடிப்பகுதி, குதிகால், பின்தலை என எலும்பு மேடான இடங்களில் உடலின் பாரம் அழுந்துகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்க, குருதி எட்டாத தசை மடிகிறது. மேலே சிறு சிவப்பாகத் தோன்றுவது, உள்ளே ஆழ்ந்த புண்ணாக இருக்கக்கூடும்.

இத்துயரைத் தடுக்க முயன்றவர்களுள் ஸ்காட்லாந்து மருத்துவர் நீல் ஆர்னாட் ஒருவர். 1832-இல் அவர் நீர்த்தொட்டியின்மேல் இரப்பர் துணி விரித்து, மிதக்கும் படுக்கை ஒன்றை அமைத்தார். எவரும் செய்துகொள்ளட்டும் என்று அதற்குக் காப்புரிமையும் பெறவில்லை. இன்றோ, மாறி மாறிக் காற்று நிரம்பி வடியும் அறைகள் கொண்ட மெத்தைகள் உள்ளன. நோயாளரை மெல்ல இடமும் வலமும் சாய்க்கும் கட்டில்கள் உள்ளன. நுண்மணிகளினூடே வெதுவெதுப்பான காற்றைச் செலுத்தி உடலை மிதக்கவைக்கும் படுக்கைகளும் உள்ளன.

ஆயினும், எந்தப் படுக்கையும் மனிதக் கைகளின் வேலையை முற்றிலும் ஏற்றுக்கொள்வதில்லை. ஈரத் துணியை மாற்றவும், குதிகாலைத் தலையணையால் உயர்த்தவும், தோலின் நிறத்தை உற்றுப் பார்க்கவும் ஒருவர் வேண்டும். முதுகுத்தண்டு முறிந்தோருக்கென 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும் தவறாது, நோயாளரைத் திருப்பிப் படுக்கவைக்கச் செய்தார். பிழைக்கமாட்டார் எனக் கைவிடப்பட்ட பலர் பிழைத்தனர்.

நோயாளரின் பாதுகாவலராம் புனித கமில்லசை நினைக்கிறோம். தம் காலில் ஆறாத புண்ணைச் சுமந்துகொண்டே அவர் பிறர் புண்ணைக் கழுவினார். ஒரே பிள்ளையின் நோய்க்குப் பணிவிடை செய்யும் தாயைப்போல் நோயாளரைப் பேண வேண்டும் என்றே தம் சபையினருக்குக் கற்பித்தார்.

நம் பங்குகளிலும் பக்கவாதத்தாலோ முதுமையாலோ படுக்கையிலேயே கிடப்போர் உள்ளனர். அவர்களைச் சந்தித்துச் செபிக்கிறோம். பழங்கள் கொடுத்துத் திரும்புகிறோம். அந்த வீட்டில் இரவெல்லாம் கண்விழிக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ ஒரு மணி நேரம் ஓய்வு தந்து, அவர் சொல்லித்தரும் முறையில் நோயாளரைத் திருப்பிப் படுக்கவைக்க முன்வருவோமா? நோயுற்றவரின் படுக்கையருகே இறைவனே நிற்பதாக 41-ஆம் திருப்பாடல் காண்கிறது. அவரோடு நாமும் அங்கே சற்று நேரம் நிற்கலாமே!