பீர் பானையும் இருபது டாலர் பம்ப்பும்

சொந்தக் கதைதான், கொஞ்சம் சோகக் கதையும் கூட. நானும் என் ரூம்மேட்டும் வாடகை வீட்டு கராஜில் வீட்டு பீர் போடுகிற கோஷ்டி. "காய்ச்சறோம்" என்று சொல்ல வாய் வராது. நம்ம ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். இது சாராயம் இல்லை சாமி, வடிக்கிற வேலையே கிடையாது. மால்ட்டைச் சுடுதண்ணியில் ஊறப்போட்டு, வருகிற இனிப்புத் தண்ணியை (வோர்ட் என்பார்கள்) ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறினதும் ஈஸ்ட் போடுகிறோம். அவ்வளவுதான். அமெரிக்காவில் இதற்கு 1978-ல் கார்ட்டர் கையெழுத்துப் போட்டு வழி விட்டார். ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் வருஷத்துக்கு 200 கேலன் வரை போடலாம். நாங்கள் போடுவது மாசம் 5 கேலன், அதாவது 19 லிட்டர். அதில் பாதியை வருகிற போகிறவனெல்லாம் குடித்துவிடுகிறான்.

பிரச்சினை அந்த 19 லிட்டரில்தான். ஊறவைக்கிற பானையிலிருந்து அடுப்புப் பானைக்கு மாற்றணும், கொதித்ததும் குளிர்விக்கிற குழாய் வழியா விடணும். ஆளுக்கொரு கைப்பிடி பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தோம். போன டிசம்பரில் கராஜ் தரை ஈரம், நம்ம ஆள் கால் வழுக்கியது. பானை சாய்ந்து கொதிக்கிற வோர்ட் அவன் செருப்புக்கு ரெண்டு விரக்கடை தள்ளி விழுந்தது. வோர்ட் சர்க்கரைத் தண்ணி, பாகு மாதிரி தோலில் ஒட்டும். ரெண்டு பேரும் பேசாமல் தரையைத் துடைத்தோம். அப்புறம் அவன் சொன்னான், "மச்சி, பம்ப்பு வாங்கலேன்னா நான் இனி வரல."

கையில் இருந்தது எழுபது டாலர்.

முதலில் செய்தது சுத்த முட்டாள்தனம். பழைய மீன்தொட்டி பம்ப்பு ஒன்று கிடந்தது. சுடுதண்ணியில் போட்டதும் பிளாஸ்டிக் வாடை. அது உணவுக்குச் செய்தது இல்லை, சூட்டுக்கும் இல்லை. அந்தப் பானையை அப்படியே கொட்டினோம்.

அடுத்து தேடினால் எல்லோரும் மார்ச் 809 என்கிறார்கள். நல்ல பம்ப்புதான், சந்தேகமே இல்லை. காந்தத்தால் ஓடுவது. மோட்டார் அச்சு தண்ணிக்குள் வராது, ஒரு காந்தம் இன்னொரு காந்தத்தைச் சுற்றவைக்கும். அதனால் அச்சு வழியா ஒழுகவும் வழியில்லை, மோட்டார் கிரீஸ் பீரில் கலக்கவும் வழியில்லை. ஆனால் நான் பார்த்த விலை 150 டாலருக்கு மேல். எழுபது டாலர்காரன் வேறு பக்கம் பார்த்தேன். காராவன் வண்டிகளில் வைக்கிற டயஃப்ரம் பம்ப்பு தானே தண்ணி இழுக்கும், ஆனால் கொதிக்கிறதுக்கு ஆகாது. கடைசியில் நின்றது 12 வோல்ட் சின்னப் பம்ப்பு, 22 டாலர். அதுவும் காந்த வகைதான், உணவுக்கு ஏற்றது, 100 டிகிரி தாங்கும் என்று போட்டிருந்தது. ஈரத்தரையில் 12 வோல்ட் என்பதே எனக்குப் பாதி நிம்மதி.

பெட்டியில் "3 மீட்டர், 8 லிட்டர்" என்று இருந்தது. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். 3 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும்போது ஒரு சொட்டு வராது, அது வெறும் எல்லை. நிமிஷத்துக்கு 8 லிட்டர் என்பது உயரமே இல்லாதபோது வருவது. ரெண்டும் ஒன்றாகக் கிடைக்காது. எனக்கு 1.2 மீட்டர் ஏற்றணும். வாளியையும் வாட்சையும் வைத்துப் பார்த்தேன்: 10 லிட்டருக்கு 2 நிமிஷம் 20 செகண்ட். மொத்தப் பானையும் அஞ்சு நிமிஷத்துக்குள் மாறிவிடும். எனக்கு அது தாராளம்.

பச்சைத்தண்ணியில் ஜோரா ஓடிய பம்ப்பு, கொதிக்கிற தண்ணியில் களகளவென்று சத்தம் போட்டு நின்றது. ரெண்டு நாள் மண்டை காய்ந்தது. கடைசியில் அப்பாவுக்கு போன். முப்பது வருஷம் கிணற்று மோட்டாரோடு மல்லுக்கட்டியவர். ஃபுட்வால்வு ஒழுகினால் சாணி கரைத்து ஊற்றி ஏர் எடுக்கிற ஆள்.

"எதுக்குடா பம்ப்பு?"

"லேப்லப்பா. சுடுதண்ணி ஓட்டணும்."

"பம்ப்பு எங்க இருக்கு?"

"மேஜை மேல, பானைக்குப் பக்கத்துல."

"கீழ எறக்கு. தண்ணி தானா வந்து பம்ப்புக்குள்ள விழணும், அது உறிஞ்சக்கூடாது. வால்வு எந்தப் பக்கம்?"

"உள்ள வர்ற பக்கம்."

"படிச்சவன்தானே நீ? டெலிவரி பக்கம் வை. சக்ஷனை நெரிச்சா எந்த மோட்டாரும் செத்துரும்."

அவர் சொன்னதன் காரணம் அப்புறம்தான் விளங்கியது. கொதிநிலையில் இருக்கிற தண்ணிக்கு உறிஞ்சுகிற பக்கம் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே போதும், ஆவியாகிவிடும். பம்ப்புக்குள் குமிழி நிறைந்தால் சுற்றுவது காற்றுதான். தரையில் வைத்து, வால்வை வெளிப்பக்கம் மாற்றி, முதலில் குழாய் நிறையத் தண்ணி இறங்கவிட்டு, அப்புறம் சுவிட்ச் போட்டேன். சத்தமே இல்லை.

இன்னொன்று: பம்ப்பை விட மற்றதுதான் காசைத் தின்றது. சாதா வினைல் குழாய் சூட்டில் துவண்டு கழன்றுவிடும், சிலிக்கான்தான் வேணும். குழாய், வால்வு, பழைய அடாப்டருக்கு ஆம்பியர் பத்தாமல் புதிதாக ஒன்று, எல்லாம் சேர்த்து 61 டாலர். வேலை முடிந்ததும் ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே இருக்கிற மால்ட் கசடைக் கழுவணும். ஒரு தடவை சோம்பேறித்தனம் பண்ணிவிட்டேன், மறுவாரம் திறந்தபோது வந்த வாசனையைப் பற்றி எழுதவேண்டாம்.

இதுவரை நாலு தடவை போட்டாச்சு. நம்ம ஆள் திரும்ப வருகிறான், ஷூ போட்டுக்கொண்டு. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் வாங்கிக் கேட்டார், "லேப்ல பம்ப்பு ஓடுதாடா?"

"நல்லா ஓடுதுப்பா."

"ஞாயித்துக்கிழமையுமா லேப்பு?"

பின்னால் பானை கொதித்துக்கொண்டிருந்தது. ஆமாம்ப்பா என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் போனை அம்மாவிடம் கொடுத்தார்.