ஒரே இருமல், மூன்று நோய்கள்

இருமலுக்கு நம் தமிழில் பெயர்ப் பஞ்சமில்லை. காசம், ஈளை, இளைப்பு, க்ஷயம் என்று முன்னோர் வகைவகையாகப் பிரித்துப் பேசினார்கள். இன்றோ நெடுநாள் இருமல் என்றால் 'டி.பி.' ஒன்றுதான் நம்மில் பலருக்கு நினைவு வருகிறது.

கல்வராயன் மலைமேல் உள்ள கரியாலூருக்கு நாம் சென்றிருந்தபோது ஒரு மூதாட்டியாரைச் சந்தித்தோம். (அம்மலைவாசிகளை மலையாளிகள் என்பார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த தமிழர் என்பதே அவர்கள் சொல்லும் வரலாறு.) சளியில் கிருமி காணாதபோதும் ஆறு மாதம் க்ஷய மருந்து உண்டாராம், இருமல் தீரவில்லை. "பின்னே இது என்ன நோய் சாமி?" என்று கேட்டார்.

அடுப்புப் புகையினால் வரும் மூச்சடைப்பு நோயானால், ஊதிப் பார்க்கும் கருவியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். படத்தில் நிழல் படிந்து, சளியும் விடை கூறாதபோதுதான் சதைப் பரிசோதனைக்கு வேலை வருகிறது. மூச்சுக்குழல் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அரிசிமணியிலும் சிறிய துணுக்குகளைக் கிள்ளி எடுத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அங்கே கிரானுலோமா என்னும் நுண்ணிய கணுக்கள் தெரியலாம். சங்கடமே இதில்தான், மூன்று நோய்களிலும் இக்கணுக்கள் உண்டு. க்ஷயத்தில் கணுவின் நடுப்பகுதி செத்து, உதிர்ந்த பாலாடைக்கட்டிபோல் ஆகிவிடும். சார்காய்டோசிஸ் என்ற நோயில் நடு கெடாது. கணுக்கள் இறுக உருண்டு, நிணநீர்க் குழாய்களை ஒட்டி அமைந்திருக்கும். புறா எச்சம், பூஞ்சணம் முதலியவற்றைச் சுவாசித்து வரும் ஒவ்வாமை அழற்சியிலோ அவை அரைகுறையாக உருவாகி, சிறு மூச்சுக்குழல்களைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும்.

பெயர் மாறினால் என்ன என்று இருந்துவிட முடியாது. பின்னிரண்டுக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தை க்ஷய ரோகிக்குத் தனியே கொடுத்தால் கிருமி கொழுந்துவிட்டுப் பரவும். க்ஷய மருந்தோ மற்ற இரண்டையும் தொடுவதில்லை. கல்லீரலை வேண்டுமானால் வாட்டும்.

இதில் மேல்நாட்டாரின் கணக்கை அப்படியே நம்புவதற்கில்லை. நுரையீரலின் இடைத்திசு தடித்துப்போகும் நோய்களில், காரணம் விளங்காத வகையையே அவர்கள் மிகுதியாகக் கண்டனர். நம் தேசத்து நிபுணர்கள் 27 மையங்களில் 1,084 நோயாளிகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட முடிவில், அவ்வொவ்வாமை அழற்சியே 47 சதவீதத்துக்கு மேல் இருந்தது. ஈரம் ஊறிய ஏர்கூலர் பெட்டிக்கும் அதில் பங்குண்டு என்றார்கள். நம் வீட்டுக் காற்றை நம்மவர்தாமே அறிவார்கள்!

சதைத் துணுக்கும் சில வேளை ஏமாற்றும். க்ஷயக் கணு எல்லாமே நடுவில் சாவதில்லை. கிருமியும் எல்லாத் துணுக்கிலும் அகப்படுவதில்லை. ஆதலால் துணுக்கோடு போகும் சீட்டு முக்கியம். 2022-ல் கள்ளக்குறிச்சியில் அரசினர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மலைக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் உள்ள தூரம் குறைந்துவருகிறது. ஆனால் விறகடுப்பா, புறாக்கூண்டா, கல் உடைக்கும் வேலையா என்று விசாரித்து எழுத வேண்டிய அச்சீட்டில், பல சமயம் 'இருமல்' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது.