இஸ்தான்புல்லில் பதினான்கு மணி நேரம்

மும்பையிலிருந்து ஸ்டுட்கார்ட் செல்லும் வழியில் இஸ்தான்புல்லில் எங்களுக்குப் பதினான்கு மணி நேரம் வாய்த்தது. ஐரோப்பிய விசா கையிலிருந்தமையால் துருக்கிக்குள் நுழையும் அனுமதி இணையத்திலேயே கிடைத்துவிட்டது. விமான நிலைய நாற்காலியில் சாய்ந்து கிடப்பதைவிட ஊரைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். கைப்பையில் பாஸ்போர்ட்டுகளுடன் ஒரு கடிதமும் இருந்தது. சென்ற தை மாதம் காலமான அம்மா, ஸ்டுட்கார்ட்டிலிருக்கும் பேத்திக்கு எழுதியது. (எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார், அழைத்தது என்னவோ இருவரும் அம்மா என்றுதான்.) பேத்திக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், படிக்க வராது. அம்மாவுக்கு அது தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

அக்சராயில் பேருந்திலிருந்து இறங்கி டிராம் ஏறியபோது எங்களுக்கு உண்டான முதல் வியப்பு, பெயர்ப் பலகைகளையெல்லாம் எங்களால் வாசிக்க முடிந்ததுதான். எல்லாம் ரோமன் எழுத்துகள். பொருள் தெரியாவிட்டாலும் உரக்கப் படித்துக்கொண்டே போகலாம். சாய், சாபுன், கிதாப் என்று இடையிடையே தெரிந்த முகங்களும் தென்பட்டன. அந்நிய ஊரில் இப்படியொரு சொந்தம் கிடைத்ததில் சிறுபிள்ளைகளைப்போல் மகிழ்ந்தோம்.

ஹகியா சோஃபியாவின் வாசலில் நின்ற வரிசையைக் கண்டு மலைத்து, திவான் யோலு சாலையில் மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கினோம். செம்பர்லிதாஷை நெருங்குகையில் இடப்பட்டது ஒரு சுவர். அதன் கம்பி வேலிக்கப்பால் கல்லறைகள். 1839இல் மறைந்த சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் அடக்கத்தலமும் அதையொட்டிய இடுகாடும் அது. ஓரத்தில் தேநீர்க்கடை. மரித்தோர் அருகிலமர்ந்து தேநீர் அருந்துவதில் அங்கு யாருக்கும் கூச்சமில்லை. நாங்களும் இடை சிறுத்த கண்ணாடிக் குவளைகளுடன் உட்கார்ந்தோம்.

ஆளுயரக் கற்கள். உச்சியில் ஃபெஸ் தொப்பி செதுக்கியவை ஆண்களுடையவை; பூக்கள் செதுக்கியவை பெண்களுடையவை. அந்தத் தொப்பியைப் பழைய தலைப்பாகைக்கு மாற்றாகக் கொண்டுவந்தவர் இதே மஹ்மூத். 1925இல் அதையும் குடியரசு தடைசெய்தது. தொப்பிகளுக்குக் கீழே கல் முழுதும் சரிவு சரிவாக அரபு எழுத்தின் வளைவுகள். இலைகளும் கொடிகளுமாக, கல்லில் காற்று வீசியதுபோல் இருந்தன.

பக்கத்து மேசையில் பாடப் புத்தகம் விரித்திருந்த ஒரு மாணவியிடம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டோம். அவள் எழுந்து வந்து, தெரியாதென்று சிரித்தாள். "என் பாட்டிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். அவருக்கும் இது புரியாது." பிறகு கல்லின் கடைசி வரியைத் தொட்டாள். "இது மட்டும் தெரியும். பெரும்பாலும் எல்லாக் கல்லிலும் இதே முடிவுதான். 'இவர் ஆன்மாவுக்காக ஃபாத்திஹா ஓதுங்கள்' என்று வழிப்போக்கரைக் கேட்கிறது." சற்று நின்று, உதடு அசைய ஓதிவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினாள். பெயரறியாத மனிதருக்கு அவர் கேட்டது கிடைத்தது.

1928 ஆகஸ்டில், நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நடந்தே போகக்கூடிய குல்ஹானே பூங்காவில்தான் முஸ்தஃபா கெமால் புதிய எழுத்தை மக்களுக்கு அறிவித்தார். நவம்பர் 1இல் சட்டமாயிற்று. அடுத்த ஆண்டு பிறந்ததும் பழைய எழுத்தில் துருக்கி மொழி நூல் அச்சிட வழியில்லாமற்போனது. தமிழாசிரியர்களாகிய எங்களுக்கு இதைக் கேட்டால் சினம்தான் வரும், வந்தது. ஒரு தலைமுறையின் கையிலிருந்து நூலகத்தையே பிடுங்கிக்கொள்வதாயிற்றே. ஆனால் மறுபக்கமும் உண்டு. துருக்கிக்கு எட்டு உயிரொலிகள். அவற்றைப் பிரித்துக்காட்ட அரபு எழுத்தால் இயலவில்லை. 1927இல் எழுதப் படிக்கத் தெரிந்தோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. புள்ளியும் இல்லாமல், எகர ஏகார வேறுபாடும் இல்லாமல் ஓலைச்சுவடிகளோடு மல்லாடிய பதிப்பாசிரியர்களின் பாட்டை வகுப்பில் ஆண்டுதோறும் உருக்கமாகச் சொல்லும் நாங்கள், அந்தத் தொல்லையை இன்னொருவர் தீர்த்துக்கொண்டால் கோபிப்பது எந்த நியாயம் என்றும் தோன்றியது.

குவளையைத் திருப்பிக் கொடுக்கையில் அந்தப் பெண் எங்களைக் கேட்டாள். "உங்கள் நாட்டில் பழைய கற்களை நீங்கள் படிப்பீர்களா?"

ஆம் என்று சொல்லிவிட்டோம், உடனடியாக, பெருமையாக. டிராமில் ஏறிய பிறகே உறைத்தது. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் அதிட்டானத்தில் வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. இருபது ஆண்டுகளாகத் தமிழ் நடத்திக்கொண்டு, பிரதோஷந்தோறும் அதைச் சுற்றி வருகிறோம். ஒரு வரி வாசிக்கத் தெரியாது. யாருடைய கொடை, யாருக்கு விளக்கெரியக் கேட்கிறது என்று இதுவரை விசாரித்ததுமில்லை.

விமானம் மேலெழுந்ததும் அம்மாவின் கடிதத்தை எடுத்தோம். ரோமன் எழுத்தில் பெயர்த்துக் கொடுத்துவிட்டால் குழந்தை தானே கூட்டிப் படித்துக்கொள்வாள் என்பது எங்கள் யோசனை. 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் அம்மாவைத் தொடவில்லை. கடைசிவரை லகர ஐகாரத்துக்கு யானைத் துதிக்கை போட்டுத்தான் எழுதினார். தலைப்பிலேயே 'என் செல்லக் குழந்தைக்கு' என்றிருந்தது. மூன்றாவது சொல்லின் ழகரத்தில் பேனா நின்றது. ஆங்கில வழக்கப்படி எழுதினால் ஜெர்மன் பள்ளியில் படிப்பவள் அதை எப்படி உச்சரிப்பாளோ! வகரத்துக்கு வழக்கமாகப் போடும் எழுத்தையே ஜெர்மானியர் பல சொற்களில் 'ஃப' என்கிறார்கள். இரண்டு மூன்று விதமாக எழுதி அடித்தோம். எதிலும் அம்மாவின் குரல் வரவில்லை.

இறங்கப் போவதாக அறிவித்தார்கள். கடிதத்தை உறையிலிட்டு ஒருவர் சொன்னார்: "ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாமே படித்துக் காட்டிவிடலாம்." மற்றவர் மறுக்கவில்லை. அடித்து எழுதிய தாளை மட்டும் பணிப்பெண் கொண்டுவந்த குப்பைப் பையில் போட்டோம்.